தவளைக் காரின் ஒயில் மீட்டர்

தலவாக்கலையில் என் கராஜின் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாகன மின்வேலைக்கும் மீட்டர் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் இப்போதும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள்: எந்த வயர் எங்கே போகிறது, எந்த ஃபியூஸ் எதற்கு. அதெல்லாம் உங்கள் கைபேசியில் படத்தோடு கிடைக்கிறது. எனக்குத் தெரிந்ததைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது. நான் சொல்ல நினைப்பது வேறு. வேலை சரியாக முடிந்திருக்கும். ஆனாலும் அது தவறாகிப் போயிருக்கும். அப்படி ஒரு வேலையை நான் செய்திருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. நானுஓயாவுக்கு மேலே ஏற்றத்தில் நின்ற அரை மணி நேரம் மட்டும் சிரிப்பு வரவில்லை.

மகாலிங்கம் ஐயா திம்புள்ளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாக வெளியே போவது வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள். ஓய்வு பெற்று தலவாக்கலை டவுனுக்கு மேலே வீடு கட்டிக்கொண்டார். அந்த வயதில் மற்றவர்கள் கறவை மாடு வாங்குவார்கள். இவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். தோட்டத்து ஷெட்டில் விறகு அடுக்குக்குப் பின்னால் பல வருடம் கிடந்த இங்கிலாந்து வண்டி. இரண்டே இருக்கை. மடக்கிவைக்கும் துணிக் கூரை. பச்சை நிறம், தரையோடு ஒட்டிய உடம்பு, முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்கு. டவுனில் அதற்குத் தவளைக் கார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐயாவுக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை. அவரே சில நேரம் "தவளைக்கு டயர் வேணும்" என்று கடையில் போய்க் கேட்பார்.

அவருடைய மனைவி புவனேஸ்வரி டீச்சர். லிந்துலைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்குக் கற்பித்தவர். அவருக்குக் காரோடு வேறு விதமான உறவு.

"நாலு வருஷத்துல இதுல ஏறிப் போனத விட எறங்கித் தள்ளுனதுதான் அதிகம் பாஸ்," என்று என்னிடம் சொன்னார். "அதுவும் சேலையோட."

எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி என்று அர்த்தமில்லை.

கொழும்பில் ஒரு ஹோட்டல்காரர் அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை ஆள் அனுப்பினார், ஒரு முறை தானே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நுவரெலியாவில் இருப்பதாகத் தகவல் வந்ததும், டீச்சர் தன் கணவரையும் காரையும் என் கராஜுக்குக் கூட்டிவந்து, என்னையும் சாட்சியாக வைத்து ஒரு தீர்ப்பைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம இந்த வண்டி வீட்டுலேருந்து நுவரெலியா வரைக்கும் தானா ஏறணும். நிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. ஏறிருச்சுன்னா நீங்களே வச்சிக்கங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். வழியில நின்னுச்சுன்னா அந்த ஹோட்டல்காரருக்குச் சாவியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் பஸ்ஸுல வந்துருவோம். சரிதானே?"

"சரி," என்றார் ஐயா. சொல்லும்போது டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எஞ்சின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஹட்டனில் ஒருவர் அதைப் பிரித்துப் புதிதாகச் சேர்த்திருந்தார், கைதேர்ந்தவர். குறை ஒயில் மீட்டரில். டாஷ்போட்டில் ஐந்து வட்ட மீட்டர்கள். அவற்றில் ஒன்று எஞ்சினுக்குள் ஒயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டும். அழுத்தம் விழுந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் தன்னைத்தானே அரைத்துத் தின்றுவிடும். அந்த மீட்டருக்குள் பனி ஈரம் இறங்கி, கண்ணாடி உள்பக்கம் வேர்த்துப்போய், முள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கழற்றி எடுத்தேன். வேலையின் விவரம் உங்களுக்கு வேண்டாம். முள் விடுபட்டது, ஈரம் காய்ந்தது, புது ரப்பர் வளையம் போட்டேன். கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்தபோது அதன் வெளிப்பக்கத்தில், இடது மேல்புறமாக, மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. யாரோ கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது தெறித்தது என்று நினைத்தேன். பிளேடால் சுரண்டினேன். சுத்தமாக வந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்; புதுக் கண்ணாடி போல இருந்தது. என் கை வேலையில் எனக்கே மதிப்பு வந்த நேரம் அது.

சனிக்கிழமை பின்நேரம் வீட்டுக்கே போய் மீட்டரைத் திரும்பப் பூட்டினேன். ஐயா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். டீச்சர் மட்டும் இருந்தார். எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டேன். குளிரில் அறுபதில் நின்ற முள், சூடு ஏற ஏற இறங்கி, நாற்பதில் வந்து அசையாமல் நின்றது. அந்த வயது எஞ்சினுக்கு நாற்பது தாராளம்.

"வேல செய்யுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"அருமையா வேல செய்யுது டீச்சர்."

"ஐயோ பாவம்," என்றார், யாருக்காக என்று சொல்லாமல். பிறகு தேத்தண்ணி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணியிருக்கும். நான் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஐயாவின் அழைப்பு.

"பாஸ், முள்ளு எறங்கிருச்சு."

"எங்க நிக்கிறீங்க ஐயா?"

"நானுஓயா தாண்டி ஏத்தத்துல. தலவாக்கலையில நல்லா மேல நின்னுச்சு. லிந்துலைக்கிட்ட வரும்போது கரெக்டா வந்து நின்னுச்சு, டீச்சருக்கும் காட்டுனேன். நானுஓயா தாண்டுனதும் எறங்கிருச்சு. எறங்குனது எறங்குனதுதான், ஏறவே மாட்டேங்குது."

"எவ்வளவுல நிக்குது?"

"ஒரு வெரக்கட எறங்கி நிக்குது."

"நம்பரச் சொல்லுங்க ஐயா."

"நம்பர் எங்க எனக்குத் தெரியுது? தூரப் பார்வக் கண்ணாடிதான் போட்டிருக்கேன்."

பின்னால் டீச்சரின் குரல் கேட்டது: "நம்பர் தெரியாதவருக்கு எதுக்கு மீட்டரு?"

"எஞ்சின நிப்பாட்டுங்க. திருப்பி ஸ்டார்ட் பண்ண வேணாம். நான் வர்றேன்," என்றேன்.

இந்த இடத்தில் நில்லுங்கள். நான் பதற்றத்தில் செய்த பிழை இதுதான். ஐயாவுக்கு எண் தெரியவில்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் முப்பது வருடம் கணக்குக் கற்பித்த ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணைப் படித்துச் சொல்லியிருப்பார். அது அங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. முள் இறங்கியது என்று கேட்டவுடனே என் மனம் டாஷ்போட்டுக்குப் பின்னால் போய்விட்டது: நான் பூட்டிய குழாயில் ஒயில் கசிகிறதா, நான் போட்ட நட்டு தளர்ந்துவிட்டதா. நமக்கு நம் வேலைமேல் பயம் வந்துவிட்டால் அடுத்தவர் சொல்வது காதில் விழாது.

சோதிப்பதற்கு வைத்திருக்கும் தனி மீட்டரையும் ஸ்பெனர்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பாதிச் சவரத்தோடு, ஓர் ஆட்டோவில் ஏறினேன். வழி முழுக்க லேசான தூறல்.

வளைவைத் திரும்பியதும் பார்த்தேன். தவளைக் கார் ரோட்டோரம் நின்றது. பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தது. கூரை மடக்கியபடியே இருந்தது. அது நான்கு மாதமாக மேலே வருவதில்லை. டீச்சர் தன் இருக்கையிலேயே நேராக உட்கார்ந்து, குடையை விரித்துப் பிடித்திருந்தார். நல்ல பட்டுச் சேலை. ஐயா வெளியே, தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும் தொழிலாளி போல, கையைக் கட்டிக்கொண்டு மழையில் நின்றார்.

மேலே ஏறிப்போன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "நியம கார் எக்கக்!" என்று கத்தினான். அருமையான கார் என்று பாராட்டு.

"கன்னவத?" என்று டீச்சர் சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டார். வாங்கிக்கொள்கிறாயா?

பஸ்ஸே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"குடிச்சிட்டு ஓட்டுறவன் கூட இந்த ஏத்தத்துல நிக்காமப் போயிருவான்," என்று டீச்சர் என்னிடம் குறை சொன்னார். "நாங்க நிக்கிறோம். மணி பத்தேகால். அந்தாளு பத்தரைக்கு ஏரிக்கரையில நிக்கிறேன்னு சொன்னவரு. ஏங்க, அவருக்கு ஃபோன் பண்ணி இங்கயே லாரியக் கொண்டாரச் சொல்லிருவோமா? தள்ளுற வேலையாவது மிச்சம்."

 ஐயாவின் மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி நின்றது, துடைக்கவில்லை.

நான் முதலில் டாஷ்போட்டுக்கு அடியில் கையை விட்டேன். குழாய் காய்ந்து இருந்தது. நட்டு இறுகி இருந்தது. எஞ்சின் பக்கம் பார்த்தேன். ஒயில் கசிவு எங்கும் இல்லை. ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன், நிறைய இருந்தது. பிறகு டாஷ்போட்டு மீட்டரைக் குழாயிலிருந்து விடுவித்து, என் சோதனை மீட்டரை அதில் மாட்டி, சூடு ஏறும் வரை எஞ்சினை ஓடவிட்டேன். நாற்பது. நிறுத்திவிட்டு, பழைய மீட்டரைத் திரும்ப மாட்டினேன். மீண்டும் ஓடவிட்டேன். நாற்பது. எஞ்சின் சத்தமும் சுத்தமாக இருந்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு உரசல் இல்லை.

இரண்டு மீட்டரும் ஒரே எண்ணைச் சொல்லும்போது பொய் சொல்வது மீட்டர் அல்ல.

"ஐயா, ஒரு குறையும் இல்ல. பிரஷர் சரியா இருக்கு."

"எங்க சரியா இருக்கு?" ஐயாவின் குரல் உயர்ந்தது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தார் போல. "முப்பத்தஞ்சு வருஷம் மீட்டர் பாத்தவன் பாஸ் நானு. எனக்குத் தெரியாதா? முள்ளு பொட்டுக்குக் கீழ நிக்குது, நல்லாப் பாருங்க!"

"எந்தப் பொட்டு?"

"இதுதான்!" குனிந்து, கண்ணாடியின்மேல் விரலால் தட்டிக் காட்டினார்.

மீட்டரின் நடு உச்சியில், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், ஐம்பது என்ற எண்ணுக்கு நேர் மேலே, சின்னதாக, வட்டமாக, சிவப்பாக ஒன்று இருந்தது. முந்தின நாள் நான் பூட்டியபோது அது அங்கே இல்லை. தொட்டுப் பார்த்தேன். வெல்வெட் துணி போல மெத்தென்று இருந்தது.

நான் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தேன். குடைக்குக் கீழே, அவருடைய நெற்றியில், அதே அளவில், அதே சிவப்பில், அதே பாக்கெட்டிலிருந்து வந்த இன்னொரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது.

ஐயாவும் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். 

"நான்தான் வச்சேன்," என்றார் டீச்சர். "காலையில வண்டிக்குச் சாமி கும்புட்டேன்ல? விளக்குக்கெல்லாம் குங்குமம் வச்சேன். உள்ளுக்குக் குங்குமம் வச்சா மழையில கரைஞ்சு சீட்டெல்லாம் ஆகும்னு நீங்க கத்துவீங்க. அதான் ஸ்டிக்கர் வச்சேன். இது ஒண்ணுதான் புதுசு கணக்கா பளபளன்னு இருந்துச்சு. புதுசுக்குப் பொட்டு வைக்க வேணாமா?"

"அத ஏன் புவனா நடுவுல வச்ச?"

"நெத்தியில வைக்காம கன்னத்துலயா வைப்பாங்க?"

ஐயா குனிந்து மீட்டரை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக, டீச்சரிடம் அல்ல, என்னிடம் கேட்டார்:

"அப்ப என் பொட்டு எங்க?"

அப்போதுதான் எனக்கு அந்த மிளகு அளவுப் புள்ளி நினைவுக்கு வந்தது.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் பதினாறு வயதில் டவுன் கராஜுக்கு வந்துவிட்டேன். தொழிற்சாலைக்குள் வேலை செய்ததில்லை. அங்கே உள்ள பழக்கத்தை ஐயா அந்த மழையிலேயே எனக்கு விளக்கினார். கொழுந்து நன்றாகக் காய்ந்து, தூள் நல்ல மணத்தோடு வருகிற அன்று, சூட்டு மீட்டரின் முள் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடியின்மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பார்கள். அதற்குப் பெயர் பொட்டு. மறுநாளிலிருந்து யாரும் எண்ணைப் படிப்பதில்லை. "முள்ளு பொட்டுல இருக்கா?" என்று டீமேக்கர் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்துவார், "இருக்குங்க ஐயா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். எண் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மாதிரி பார்க்கலாம். ஹட்டன் மெக்கானிக் எஞ்சினைச் சேர்த்துக் கொடுத்த அன்று, அது சூடாகி நன்றாக ஓடிய நேரத்தில், ஐயா ஒரு தீக்குச்சியைப் பெயின்டில் தொட்டு முள்ளுக்கு நேராகப் பொட்டு வைத்திருக்கிறார். அது நாற்பது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை.

அன்று காலை ஐயா ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் சிவப்பாக ஒன்று தெரிந்திருக்கிறது. நான் பழைய பொட்டை அழித்துவிட்டுப் புதிதாக, இன்னும் அழகாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். குளிர்ந்த எஞ்சினில் அறுபது; முள் பொட்டைத் தாண்டி நின்றது. லிந்துலையில் ஐம்பது, பொட்டில் வந்து நின்றது. நானுஓயாவுக்கு மேலே எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வந்தது, முள் தன் சரியான இடத்துக்கு வந்தது. ஐயாவின் நெஞ்சு நின்றுவிட்டது.

"பொட்டு எங்க பாஸ்?" இரண்டாவது தடவை கேட்டார்.

என் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. பழைய பெயின்ட், தானாக உதிர்ந்திருக்கும். யாரும் மறுக்க முடியாது. இன்னொரு பதிலும் இருந்தது: இந்த நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது, இப்போது இறுக்கிவிட்டேன், போகலாம். கையில் ஸ்பெனர் இருந்தது. ஒரு கால் சுற்றுச் சுற்றுவது போல் பாவனை செய்திருந்தால் நன்றியும் சொல்லி, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். உங்களுக்கும் இந்த இடம் வரும். வாடிக்கையாளர் பதறிப்போய் நிற்பார். நாம் எதையோ இறுக்கினோம், சரியானது என்று அவர் நம்பத் தயாராக இருப்பார். மெக்கானிக்குக்கு அதைவிடச் சுலபமான நேரம் கிடையாது.

ஆனால் நட்டு தளர்ந்தது என்று நான் சொன்னால், வண்டி பழுதில் நின்றது என்று ஆகிவிடும். டீச்சருடைய தீர்ப்பின்படி சாவி கைமாறிவிடும். என் மானத்தைக் காப்பாற்ற ஐயாவின் காரைக் கொடுக்க வேண்டும். பெயின்ட் உதிர்ந்தது என்று சொன்னாலோ, டீச்சர் வைத்த பொட்டு ஒன்றுதான் குற்றவாளியாக மிஞ்சும்.

"நான்தான் சுரண்டினேன் ஐயா," என்றேன். "அழுக்குன்னு நெனச்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். வண்டியில ஒரு பழுதும் இல்ல. நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

ஐயா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெல்ல டீச்சர் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் நான் கேட்டவற்றிலேயே மோசமான வாதத்தை எடுத்து வைத்தார்:

"இருந்தாலும் பேச்சு பேச்சுதானே புவனா. நிக்கக் கூடாதுன்னோம். நின்னுருச்சே."

டீச்சர் குடையை மடக்கினார். தூறல் விட்டிருந்தது.

"வண்டி எங்க நின்னுச்சு? அது பாட்டுக்கு ஏறிக்கிட்டு இருந்துச்சு. நீங்க நிப்பாட்டுனீங்க. நிக்கிறது வேற, நிப்பாட்டுறது வேற. அஞ்சாம் வகுப்புப் புள்ள கூட சொல்லும்." கொஞ்சம் யோசித்தார். "என் பொட்டும் பாஸ் பிளேடும் சேர்ந்து பண்ணுன வேலைக்கு அதப் புடிச்சு விக்கவா முடியும்? வாய மூடிக்கிட்டு ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

ஐயா ஏறினார். எஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது. சூடு மாறாமல் இருந்ததால் முள் நேராகப் போய் நாற்பதில் நின்றது. டீச்சர் நகத்தால் அந்த ஸ்டிக்கர் பொட்டைக் கிளப்பி எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள்ளின் நுனிக்கு நேராக, இடது மேல்புறத்தில் ஒட்டி, விரலால் அழுத்தினார்.

"கன்னத்துல வச்சிருக்கேன். இப்ப சரியா?"

"சரி," என்றார் ஐயா. அதற்குப் பிறகுதான் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, ஒரு மீட்டரைக் கழற்றும் முன் ஆளிடம் நான் கேட்ட கேள்வி இது: "முள் எங்கே நின்றால் உங்களுக்கு நிம்மதி?" எல்லோரும் எண்ணைச் சொல்வதில்லை. ஒருவர் 'OIL' என்பதில் கடைசி எழுத்தின் காலில் நிற்க வேண்டும் என்பார். ஒருவர் கண்ணாடியிலுள்ள கீறலைக் காட்டுவார். டயகமவிலிருந்து வரும் லாரி டிரைவர் ஒருவர், "நான் முள்ளப் பாக்குறதே இல்ல பாஸ், பக்கத்துல இருக்கிறவன் மூஞ்சியப் பாத்து ஓட்டுறேன்" என்றார். அவருக்கும் மீட்டரைச் சரிசெய்து கொடுத்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து தெரிகிற மாதிரிக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். கண்ணாடியில் இருக்கும் கறை, கீறல், ஒட்டியிருக்கும் ஒரு துண்டு டேப், எதையும் கேட்காமல் துடைக்காதீர்கள். நமக்கு அது அழுக்கு. ஓட்டுகிறவருக்கு அதுதான் மீட்டராக இருக்கலாம். மீட்டரைப் பூட்டியதும் நீங்கள் பார்த்துத் திருப்திப்படுவது போதாது. அதை நம்பி ஏற்றம் ஏறப்போகிற ஆளை உட்காரவைத்து, அவர் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அன்று சனிக்கிழமை ஐயா கூட்டம் முடிந்து வரும் வரை நான் இருந்திருக்க வேண்டும். இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி குடித்திருந்தால் போதும்.

டீச்சர் என்னை ஆட்டோவில் பின்னால் வரச் சொன்னார். "வழியில இன்னும் எந்தப் பொட்டையாவது பாத்துப் பயந்தாருன்னா ஆள் வேணும்ல?"

தவளைக் கார் நிற்காமல் ஏறியது. பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு தலையை வெளியே நீட்டி நான் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி வளைவுகளில் ஐயா தேவைக்கு மேலேயே ஹார்ன் அடித்தார். காய்கறித் தோட்டத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து கை காட்டினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கை காட்டினார். டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டது ஆட்டோவிலிருந்தே தெரிந்தது.

ஏரிக்கரையில் ஹோட்டல்காரர் நின்றிருந்தார். தட்டையான லாரி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். மரியாதையான மனிதர். காரைச் சுற்றி வந்து, பானட்டைத் தடவி, டீச்சரிடம் பேசினார். முடிவு யார் கையில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நல்லாப் பாத்துக்குவோம் அம்மா. எங்க ஹோட்டல் வாசல் ஹோல்ல, கண்ணாடி ரூம் கட்டி உள்ளுக்கு வைப்போம். மழ படாது, தூசி படாது. கல்யாண ஜோடியெல்லாம் வந்து ஃபோட்டோ எடுப்பாங்க."

"ஓட்ட மாட்டீங்களா?"

"எதுக்கம்மா ஓட்டணும்? இத நிப்பாட்டி வைக்கத்தான் எடுக்கிறோம்."

"நிப்பாட்டி வைக்கிறதுக்கு எங்க வீட்டுக்காரரே போதுங்க," என்றார் டீச்சர். "விக்கலைங்க. நீங்க வீணா வந்ததுக்கு மன்னிச்சிருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சிரித்தார். லாரிக்காரரோடு கடைக்குப் போனார். ஐயா காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நானும் டீ சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவர் நான்கடி போனதும் டீச்சர் முழங்கால் உயரக் கதவைத் திறந்து, சேலைக் கொசுவத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். கீழே குனிந்து பார்த்தார்.

"பாஸ், இந்த சீட்ட முன்னுக்குத் தள்ள முடியுமா? எனக்குக் கால் எட்டல."

ஐயா திரும்பிவிட்டார். "லைசன்ஸ் இல்லாம எங்க புவனா?"

"ஸ்கூட்டருக்கு எடுத்தப்பவே காருக்கும் சேர்த்து எடுத்துட்டேன். நீங்க இத்தன வருஷமா கேக்கல, நானும் சொல்லல."

இருக்கையைத் தரையோடு பிடித்திருந்தவை நான்கு நட்டுகள். பழைய துரு. கொஞ்சம் ஒயில் விட்டு, கழற்றி, மூன்று விரற்கடை முன்னால் தள்ளிப் பூட்டினேன். டீச்சர் மறுபடி ஏறி உட்கார்ந்ததும், நான் எழுந்திருக்காமலே, எஞ்சினை ஓடவிடச் சொல்லி, மீட்டர் தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியுது," என்றார். "நாப்பது."